மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்: 2⁶⁷−1 கதையில் விடுபட்ட கணக்கு

பெரிய எண்களைப் பற்றி யார் எழுதினாலும் எங்காவது ஒரு மூலையில் இந்தக் கதை வந்துவிடும். 1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் தன் கட்டுரையை வாசிக்க அழைக்கப்படுகிறார். வாயே திறக்காமல் கரும்பலகைக்குப் போகிறார். ஒரு பக்கத்தில் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, அதிலிருந்து 1-ஐக் கழிக்கிறார். பிறகு மறுபக்கத்துக்கு நகர்ந்து,

193707721 × 761838257287

என்று எழுதி, பள்ளிக்கூடப் பெருக்கல் மாதிரி வரிவரியாகப் போடுகிறார். இரண்டு பக்கத்திலும் ஒரே விடை வருகிறது:

147573952589676412927

சாக்பீஸை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிடுகிறார். அரங்கம் கைதட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆச்சு என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

நல்ல கதைதான். நானே நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கணிதக் கதையாக இதை எடுத்துவைத்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது: இதில் கணக்கு இல்லை. இருக்கிற ஒரே கணக்கு அந்தப் பெருக்கல். அந்த இருபத்தோரு இலக்க எண்ணைப் பொறுத்தவரை இருப்பதிலேயே சுலபமான வேலையும் அதுதான். கஷ்டமான இரண்டு விஷயங்கள் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகின்றன. அந்த இரண்டையும் மேடைக்குக் கொண்டுவரத்தான் இந்தப் பதிவு.

யார் சொன்ன கதை?

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். இந்தக் கதையைப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல். 1937-ல் வந்த 'மென் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' மூலம் பல தலைமுறைகளுக்குக் கணித மேதைகளை அறிமுகப்படுத்தியவர். கோல் கதை வருவது 1951-ல் வந்த 'மேத்தமேட்டிக்ஸ்: குவீன் அண்ட் சர்வன்ட் ஆஃப் சயின்ஸ்' புத்தகத்தில். அதாவது சம்பவம் நடந்து 48 வருடம் கழித்து, கோல் இறந்து (1926) கால் நூற்றாண்டு கழித்து.

1903-ல் பெல்லுக்கு இருபது வயது. அப்போது அவர் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர். நியூயார்க் கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்டமே இருக்கிறது. ஆக, கரும்பலகைக் காட்சியை அவர் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் எழுதியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதில் வேறு வகை. 1911-ல் தானே கோலிடம் கேட்டதாக பெல் எழுதுகிறார். அந்தக் காலத்தில் அவர் கொலம்பியாவில் ஆய்வு மாணவர், 1912-ல் அங்கேதான் முனைவர் பட்டம் வாங்கினார். எனவே அதை நம்புவதில் பெரிய தடை எதுவும் இல்லை.

பெல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும் என்பது புதிய செய்தி கிடையாது. கால்வாவின் கடைசி இரவைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தில் எவ்வளவு கற்பனை கலந்திருக்கிறது என்று டோனி ராத்மன் 1982-லேயே விரிவாக எழுதிவிட்டார். ஆனாலும் பெல் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. இன்று உலவும் கதையில் கோல் ஒரு மணி நேரம் மௌனமாகக் கணக்குப் போடுகிறார், சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. பெல் எழுதியதில் ஒரு மணி நேரம் இல்லை, எழுந்து நிற்பதும் இல்லை. பலமான கைதட்டல் மட்டும்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட மாலை.

அந்த ஒரு மணி நேரத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 193707721-ஐப் பெருக்கியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இலக்கங்கள் 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. 7 மூன்று தடவை வருகிறது. ஒரு தடவை பெருக்கிவிட்டு மற்ற இரண்டு வரியையும் பார்த்து எழுதிவிடலாம். 1-க்குப் பெருக்கலே வேண்டாம், 0-க்கு வரியே வேண்டாம். ஆக 9, 3, 7, 2 என்று நான்கே நான்கு பெருக்கல், கடைசியில் எட்டு வரிக் கூட்டல். பேப்பர் எடுத்து நிதானமாகப் போட்டாலும் கால் மணி நேரம் போதும். 2⁶⁷-க்கு இன்னொரு கால் மணி நேரம் கொடுங்கள். ஒரு மணி நேரம் என்பது ரொம்பத் தாராளமான கணக்கு.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். முக்கியமான குறை வேறு இடத்தில் இருக்கிறது.

விடுபட்ட முதல் விஷயம்: 1876

1644-ல் மரின் மெர்சென் ஒரு பட்டியல் கொடுத்தார். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் வருவது எந்தெந்த அடுக்குகளுக்கு என்பதுதான் அந்தப் பட்டியல். 257 வரைக்கும் அவர் சொன்னவை: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் ஐந்து தவறு. 67-ம் 257-ம் இருக்கக் கூடாது. 61, 89, 107 விட்டுப்போய்விட்டன.

67 தப்பு என்று காட்டியது கோல் என்றுதான் கதையைக் கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூகாஸ் 1876-லேயே அதைச் சொல்லிவிட்டார். 2⁶⁷−1 ஒரு பகு எண், அதாவது அதற்குக் காரணிகள் உண்டு என்பது கோல் மேடையேறுவதற்கு 27 வருடம் முன்பே தெரிந்த விஷயம். என்ன காரணிகள் என்பதுதான் தெரியாது. கதையின் சில வடிவங்களில் லூகாஸ் பெயர் அரை வரியில் வந்துபோகும். பலவற்றில் அதுவும் கிடையாது.

இந்த அரை வரியை நான் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு எண்ணின் ஒரு காரணியைக்கூடக் கண்ணால் பார்க்காமல், அதற்குக் காரணி இருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்தில் பகு எண் என்றால் '15 = 3 × 5' என்றுதான் படித்தோம். காரணியைக் காட்டுவதுதான் பகு எண் என்பதற்குச் சாட்சி. லூகாஸ் சொல்வது அப்படியல்ல. கதையில் ஆச்சரியப்பட வேண்டிய இடம் இதுதான். அதை நாம் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

லூகாஸின் சோதனையைப் பின்னால் 1930-ல் டி. எச். லேமர் செப்பனிட்டார். அந்த வடிவத்தைச் சின்ன எண்ணில் போட்டுப் பார்ப்போம். 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதையே செய்யுங்கள். அடுக்கு எவ்வளவோ அதைவிட இரண்டு குறைவான தடவை செய்தால் போதும். கடைசி மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண்.

2⁷−1 = 127-க்கு ஐந்து தடவை: 4 → 14 → 67 → 42 → 111 → 0. பகா எண்.

2¹¹−1 = 2047-க்கு ஒன்பது தடவை: 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. பூஜ்ஜியம் வரவில்லை. எனவே பகு எண்.

2047 = 23 × 89 என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஆனால் மேலே உள்ள வரிசையில் 23 எங்கே இருக்கிறது? 89 எங்கே? எங்கேயும் இல்லை. 1736 என்ற மீதியைப் பிழிந்து பார்த்தாலும் காரணி சொட்டாது. 'உள்ளே ஏதோ இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோதனை முடிந்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய நிலைமை. டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, பக் இருப்பது நிச்சயம். ஆனால் எந்த ஃபைலில், எந்த வரியில் என்று தெரியாது. லூகாஸ் கொடுத்தது ஃபெயில் ஆன டெஸ்ட். கோல் கொடுத்தது வரி எண். நடுவில் 27 வருடம். 2⁶⁷−1-க்கு இந்தச் சோதனை மொத்தம் 65 சுற்று. 65 சுற்றில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கும் 27 வருடம் பிடித்த விஷயத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்த எண்ணின் உண்மையான கதை.

விடுபட்ட இரண்டாவது விஷயம்: அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார்?

மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றதும் நம் மனதில் வரும் படம்: ஒரு மனிதர் மேஜைமுன் உட்கார்ந்து 3-ஆல் வகுத்துப் பார்க்கிறார், 5-ஆல், 7-ஆல், 11-ஆல்... வருடக்கணக்கில். இதிலிருந்து எடுக்கப்படும் நீதி விடாமுயற்சி. அந்தப் படம் உண்மையாக இருக்க முடியுமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சின்னக் காரணி 193707721. அதற்குக் கீழே உள்ள பகா எண்கள் தோராயமாக ஒரு கோடியே ஏழு லட்சம். ஒவ்வொன்றாக வகுப்பது நடக்காத காரியம்.

நல்ல வேளையாக எல்லாவற்றையும் வகுக்கத் தேவையில்லை. 2⁶⁷−1-இன் எந்தப் பகாக் காரணியை எடுத்துக்கொண்டாலும், 2⁶⁷-ஐ அதனால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தையும் இதனோடு சேர்த்தால், காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 67-இன் மடங்காக இருக்க வேண்டும். காரணி ஒற்றைப்படை என்பதால் அது 134-இன் மடங்காகவே ஆகிவிடுகிறது. சரிபாருங்கள்: 193707720 = 134 × 1445580. மீதியே இல்லை. பெரிய காரணிக்கும் அப்படியே: 761838257286 = 134 × 5685360129.

ஆக, ஒரு கோடிக்கு மேல் இருந்தது 14,45,580 எண்களாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு சல்லடை: காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வரும். இது பாதியைத் தள்ளிவிடும், மீதம் 7,22,790. அதில் 3, 5, 7-இன் மடங்குகளையும் தூக்கிவிட்டால் சுமார் 3,30,000.

மூன்று வருடத்தில் 156 ஞாயிறு. ஒரு ஞாயிற்றுக்கு ஏறக்குறைய 2,100 வகுத்தல். வகுக்கப்படுவது இருபத்தோரு இலக்க எண், வகுப்பது பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது இலக்க எண். ஒன்றுக்கு ஒரே ஒரு நிமிஷம் என்று மனசாட்சியே இல்லாமல் வைத்துக்கொண்டாலும் 35 மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பது 24 மணி நேரம்தான்.

'பகா எண்களை மட்டும் எடுத்து வகுத்திருக்கலாமே?' என்று கேட்கலாம். அப்படி எடுத்தால் சுமார் 81,000-தான். ஆனால் 19 கோடி வரைக்குமான அச்சிட்ட பகா எண் பட்டியல் எங்கே இருந்தது? டி. என். லேமர் (மேலே சொன்ன லேமரின் அப்பா) 1909-ல் வெளியிட்ட காரணி அட்டவணையே ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றுவிட்டது. எந்த எண் பகா எண் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை ஆகியிருக்கும். அதோடு, காரணி எங்கே கிடைக்கும், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் மனிதரின் படம் பொய். அந்தப் பொறுமை கோலுக்கு இருந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்திருக்காது.

அப்படியென்றால் என்ன செய்தார்? அவரே எழுதிவைத்திருக்கிறார். மேடையில் வாய் திறக்காத மனிதர், அதே வருடம் கழகத்தின் 'புல்லட்டின்' பத்தாம் தொகுதியில் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டார். (பக்கம் 134-ல் தொடங்குகிறது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.) மௌனக் கதையை எழுதும் எத்தனை பேர் இந்தப் பேச்சைக் குறிப்பிடுகிறார்கள்?

அந்தக் கட்டுரையின் மையம் வர்க்க மீதிகள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2⁶⁷-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. எனவே 2⁶⁸-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2⁶⁸ என்பது 2³⁴-இன் வர்க்கம். ஆக, ஒரு வர்க்கத்தை நம் எண்ணால் வகுக்கும்போது 2 மீதியாக வருகிறது. நம் எண்ணுக்கு இது உண்மையென்றால் அதன் ஒவ்வொரு பகாக் காரணிக்கும் உண்மை. மேலே '8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7' என்ற சல்லடை இங்கிருந்துதான் வந்தது. 2 வர்க்க மீதியாக வருவது அந்த வகைப் பகா எண்களுக்கு மட்டும்தான். இதே மாதிரி இன்னும் பல சின்ன எண்கள் வர்க்க மீதியாக வருவதைக் கண்டுபிடித்தால், ஒவ்வொன்றும் மிச்சம் இருப்பதில் ஏறக்குறைய பாதியைத் தள்ளும். ஒன்றையொன்று சாராத பத்து மீதி கையில் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வகுத்துப் பார்க்கும் வேலை, எதை வகுக்க வேண்டாம் என்று கண்டுபிடிக்கும் வேலையாக மாறிவிடுகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லி, 'பார், மூன்று வருடம் விடாமல் உட்கார்ந்திருக்கிறார்' என்று முடிக்கிறோம். உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் வெறுமனே உட்கார்ந்திருந்தால் முப்பது வருடம் ஆனாலும் கிடைத்திருக்காது. யோசனையை வெட்டிவிட்டு உழைப்பை மட்டும் காட்டினால், கணக்கு என்பது சலிப்பைத் தாங்கும் போட்டி என்றுதான் பிள்ளைக்குப் புரியும். ஏற்கெனவே அப்படி நினைத்துப் பயந்து ஓடுகிறவர்கள் நிறைய. அதற்கு நாமும் ஒரு கதை கொடுக்க வேண்டுமா?

கதை சரியாகப் பிடித்த ஒன்று

நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். அந்த மௌனம் நிஜமோ, பெல் போட்ட மெருகோ, கணித ரீதியாக மிகச் சரியானது. கோலின் முறை தெரியாத ஒருவரும், வர்க்க மீதி என்ற பெயரையே கேட்காத ஒருவரும், ஐந்தாம் வகுப்புப் பெருக்கலை வைத்து அந்த விடையைச் சரிபார்த்துவிடலாம். விளக்கம் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். லூகாஸால் இப்படி மௌனமாக இருந்திருக்க முடியாது. 65 சுற்றையும் அவர் பலகையில் போட்டுக் காட்டினாலும், 'பூஜ்ஜியம் வரவில்லை என்றால் ஏன் பகு எண்?' என்று ஒருவர் கேட்பார். அதற்குத் தேற்றம் சொல்ல வேண்டும், நிரூபணம் சொல்ல வேண்டும். கோலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கண்டுபிடிக்க வருடங்கள், சரிபார்க்க நிமிடங்கள். இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ மறையீட்டைக் கட்டினார்கள். அவர்கள் சவாலாக விட்ட 129 இலக்கப் பகு எண் 1994-ல்தான் உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவினார்கள். பயன்படுத்திய முறையின் பெயர் இருபடிச் சல்லடை. வர்க்கங்களையும் மீதிகளையும் சேகரித்துச் சலிக்கும் அதே குடும்பத்து யோசனைதான், ரொம்ப வளர்ந்த வடிவத்தில். ஆக, கதையில் வெட்டி எறியப்பட்ட நான்கு பக்கத்துக்குத்தான் வம்சம் வளர்ந்திருக்கிறது. மேடைப் பெருக்கலுக்கு இல்லை.

இன்றைய 2⁶⁷−1

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். கோலின் எண்ணை இன்று பத்து வரி பைத்தான் உடைத்துவிடும். 134-இன் மடங்கோடு 1-ஐக் கூட்டிக்கொண்டே போய், அதனால் 2⁶⁷-ஐ வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண லேப்டாப்பிலேயே சில விநாடிகளில் 193707721 வந்து நிற்கும். எழுதிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

அதே நிரலில் 67-ஐ எடுத்துவிட்டு 1277 போடுங்கள். 2¹²⁷⁷−1, 385 இலக்கம். பகு எண் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆனால் இந்தப் பதிவை எழுதும் இன்றுவரை அதன் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது. காரணி தெரியாத மெர்சென் பகு எண்களில் மிகச் சிறியது இதுதான். 2-இன் 10,48,576-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் ஃபெர்மா எண்ணும் அப்படித்தான். 3,15,653 இலக்கம் கொண்ட அதுவும் பகு எண் என்று 1980-களிலேயே காட்டிவிட்டார்கள். காரணி மட்டும் பூஜ்ஜியம். 1876-க்கும் 1903-க்கும் நடுவில் 2⁶⁷−1 எங்கே நின்றதோ, இந்த எண்கள் இன்று அங்கேதான் நிற்கின்றன.

உங்கள் நிரல் 1277-க்கு விடை சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதா என்று பிள்ளைகள் கேட்டால், கோல் கதையை அப்போது சொல்லுங்கள். லூகாஸிலிருந்து தொடங்கி, அந்த நான்கு பக்கத்தையும் சேர்த்து.